ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்பாடு செய்யப் போகிறீர்களா? குரூப் தெரிந்தால் மட்டும் போதாது

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் திங்கட்கிழமை மதியம் சேர்த்தோம். மறுநாள் காலை ஆபரேஷன், இரண்டு யூனிட் ரத்தம் தயாராக இருக்கட்டும் என்றார்கள். அம்மா ஓ பாசிட்டிவ். தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிற குரூப், இதற்கு என்ன கவலை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஆபரேஷன் நடந்தது வியாழக்கிழமை.

அந்த மூன்று நாளில் பதினான்கு டோனர்கள் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவருடைய ரத்தமும் அம்மாவுக்குப் போகவில்லை. சேம்பிள் ட்யூப் இரண்டு முறை திரும்பி வந்தது. அலமாரியில் இருந்த ஓ பாசிட்டிவ் பைகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப்பட்டு ‘சேரவில்லை’ என்று ஒதுக்கப்பட்டன. நாலைந்து விஷயங்கள் முன்பே தெரிந்திருந்தால் இதில் முக்கால்வாசி அலைச்சல் இருந்திருக்காது. அவற்றை வரிசையாக எழுதுகிறேன். என்ன சிகிச்சை, எவ்வளவு ரத்தம் என்பதெல்லாம் டாக்டர் பாடு. ஃபார்மும் கையுமாக ஓடப் போகிறவருக்குத்தான் இந்தக் குறிப்பு.

1. ‘பொருத்தம்’ என்றால் என்ன என்று ஐந்து நிமிடம் செலவழித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிக் குதித்து அடுத்த தலைப்புக்குப் போக வேண்டாம். இது புரிந்தால்தான் ரத்த வங்கிக்காரர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார் என்று எரிச்சல் வராது.

சிவப்பணுவின் மேல்புறத்தில் குட்டிக் குட்டிச் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏ குரூப்காரருக்கு அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி என்-அசிட்டைல் கேலக்டோசமின் என்ற சர்க்கரை. பி குரூப்காரருக்கு அதே இடத்தில் கேலக்டோஸ். இரண்டு சர்க்கரைக்கும் நடுவே ஒரு சின்ன அணுக்கூட்டம்தான் வித்தியாசம். ஓ குரூப்காரருக்குக் கடைசிக் கண்ணியே கிடையாது. ஏ கண்ணியை மாட்டும் நொதிக்கும் பி கண்ணியை மாட்டும் நொதிக்கும் 354 அமினோ அமிலங்களில் நான்கே நான்குதான் வேறு. அந்த நாலு எழுத்துப் பிழைக்குத்தான் தவறான பை ஏறினால் உயிரே போகிற அளவுக்கு வினை.

காரணம், நம்மிடம் இல்லாத கண்ணிக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது அந்நியமானதைப் பிடிக்கும் புரதம், நம் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. பி-க்கு எதிரான ஆன்டிபாடி பி நுனியைப் பிடிக்கும், பக்கத்தில் இருக்கும் ஏ நுனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பாடப்புத்தகத்தில் ‘தனித்தன்மை’ என்று ஒரு வரியில் கடந்துபோன விஷயம் இதுதான். ஒன்று ஒன்றைத்தான் பிடிக்கும்.

இதுவரை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது அடுத்த பகுதி. ஏ, பி, பாசிட்டிவ் நெகட்டிவ் இவை தவிர, ரத்த வகைப்பாடுகள் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. கெல், கிட், டஃபி என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. பாசிட்டிவ், நெகட்டிவ் சொல்கிற ஆர்ஹெச் வகைக்குள்ளேயே டி மட்டும் இல்லை. பெரிய சி (C), சின்ன சி (c), பெரிய இ (E), சின்ன இ (e) என்று தனித்தனி ஆன்டிஜென்கள், அதாவது அணுவின் மேல் இருக்கும் அடையாளங்கள். ‘பாசிட்டிவ்’ என்ற சொல் அதில் டி இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. மற்றவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி பெரும்பாலும் தானாக வருவதில்லை. முன்பு ரத்தம் ஏற்றியிருந்தாலோ, பிள்ளை பெற்றிருந்தாலோ வரலாம். அம்மாவுக்கு வந்திருந்தது சின்ன சி-க்கு எதிரானது. லேபில் ‘ஆன்டி ஸ்மால் சி’ என்பார்கள். நம் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேருடைய ரத்தத்தில் சின்ன சி இருக்கிறது. அப்படியானால் ஓ பாசிட்டிவ் பைகளிலும் ஏறக்குறைய பாதி அம்மாவுக்கு ஆகாது. இது திங்கட்கிழமை யாருக்கும் தெரியாது.

2. ஆபரேஷன் தேதி சொன்ன அன்றே பழைய கதையைக் கேளுங்கள்

ஃபார்மில் ஒரு வரி இருக்கும்: முன்பு ரத்தம் ஏற்றியது உண்டா? எத்தனை பிரசவம்? கருக்கலைவு உண்டா? வழக்கமாக நர்ஸ் கேட்பார், நோயாளி ‘இல்லை’ என்பார், கட்டத்தில் கோடு விழும். எங்கள் ஃபார்மிலும் அப்படித்தான் விழுந்தது.

செவ்வாய் மாலை, பைகள் சேரவில்லை என்ற பிறகு ரத்த வங்கி டாக்டர் வார்டுக்கே வந்தார். ‘ரத்தம் ஏத்தியிருக்காங்களா’ என்று அவர் கேட்கவில்லை. ‘அம்மா, ரெண்டாவது பிரசவம் எங்க நடந்துச்சு? யார் கூட இருந்தா?’ என்று ஆரம்பித்தார். பெரியாஸ்பத்திரி, ஆச்சிதான் கூட இருந்தார்கள், மழைக்காலம், மூன்று நாள் மயக்கம் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார்கள். திடீரென்று, ‘கால்மாட்டுல கம்பில ஒரு செகப்புப் பாட்டில் தொங்குச்சு, ஆச்சி அதைப் பாக்காத பாக்காதன்னு என் மூஞ்சிய மூடுனாங்க’ என்றார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய ரத்தம். காலையில் ‘இல்லை’ என்று சொன்னதும் பொய் இல்லை.

எண்டல் டல்விங், டொனால்ட் தாம்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு நினைவு எந்தச் சூழலோடு சேர்ந்து பதிந்ததோ, அந்தச் சூழலின் துண்டு ஒன்று கையில் கிடைத்தால் எளிதில் மேலே வரும் என்பது அவர்கள் சொன்னதின் சாரம். இதுவும் பொருத்தம் பார்க்கிற கதைதான். ‘ரத்தம்’ என்ற சொல் அம்மாவின் அந்த நினைவோடு பதியவே இல்லை. ஆச்சியும் மழையும் பதிந்திருந்தன.

ஆகவே நீங்கள் கேட்கும்போது சம்பவத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு பிரசவம், ஒவ்வொரு ஆபரேஷன், விபத்து, மஞ்சள் காமாலை, டெங்கு என்று தனித்தனியாக. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் அதிகமாகி லைட்டின் கீழ் வைத்தார்களா என்றும் கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி பரணில் கிடந்தால் அதை எடுத்து வாருங்கள், எங்கள் வீட்டில் கரையான் தின்றுவிட்டது. கிடைத்த பதிலை ஒரு தாளில் எழுதி ஃபார்மோடு பின் செய்துவிடுங்கள்.

எந்த மருந்து ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள். முக்கியமாக, மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய்க்கு டாராடுமுமாப் ஊசி போடுகிறவர்கள். அந்த மருந்தே ஒரு ஆன்டிபாடி. அது சிவப்பணுவில் கொஞ்சம் ஒட்டிக்கொள்வதால் எந்தப் பையைச் சோதித்தாலும் சேராதது போல் காட்டும். முன்கூட்டிச் சொன்னால் அதற்கென்று வேறு முறையில் சோதிப்பார்கள். சொல்லாவிட்டால் ஒரு நாள் போச்சு.

3. ஃபார்ம், ட்யூப், இனிஷியல்

கொண்டுபோக வேண்டியவை: டாக்டர் கையெழுத்தும் சீலும் உள்ள ரத்த வேண்டுகோள் ஃபார்ம், நோயாளியின் ரத்தம் இரண்டு ட்யூபில் (ஊதா மூடி ஒன்று, சிவப்பு மூடி ஒன்று, சில இடங்களில் ஊதா மட்டும் போதும்), பழைய குரூப் ரிப்போர்ட் இருந்தால் அது, உங்கள் அடையாள அட்டை நகல். பழைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ‘குரூப் தெரியும் சார், திரும்ப எதுக்கு’ என்று வாதாட வேண்டாம். ரத்த வங்கி எப்படியும் புதிதாகப் பார்க்கும், பார்க்கவும் வேண்டும்.

ஃபார்மில் இருக்க வேண்டியவை: பெயர், வயது, பால், ஐபி எண் (உள்நோயாளி எண்), வார்டு, படுக்கை எண், நோய், என்ன பொருள், எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு வேண்டும். ட்யூபில் ஒட்டிய லேபிளில் பெயர், ஐபி எண், எடுத்த தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து.

பொறி இங்கேதான். நம் ஊர்ப் பெயர்களுக்கு இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. ஆதாரில் அப்பா பெயர் முதல் எழுத்து முன்னால், அட்மிஷன் கவுண்டரில் கணவர் பெயர் முதல் எழுத்து பின்னால், நர்ஸ் எழுதியதில் இனிஷியலே இல்லை. முதல் ட்யூப் இதற்காகத் திரும்பியது. ‘பேரை அடிச்சுத் திருத்திக் கொடுங்களேன்’ என்றேன். முடியாது, புதிதாக ரத்தம் எடுத்து வாருங்கள் என்றார் ரத்த வங்கி கவுண்டரில் இருந்த பெண். அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது அவர் செய்தது சரி என்று பட்டது. பெரிய விபரீதங்கள் லேபில் சோதனையில் நடப்பதைவிட, ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயர் ஒட்டிய ட்யூபில் போவதால்தான் அதிகம் நடக்கின்றன. திருத்திய லேபிளை ஏற்கவே கூடாது.

எனவே நர்ஸ் ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். லேபிளைப் படுக்கையருகிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நர்ஸ் ஸ்டேஷனுக்குப் போய் மற்ற ட்யூப்களோடு சேர்த்து ஒட்டுவது வேண்டாம். கையில் கட்டிய பட்டை, ஃபார்ம், ட்யூப் மூன்றையும் எழுத்துக் கூட்டிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

இரண்டாவது முறை ட்யூப் திரும்பியதற்கு வேறு காரணம். திங்கட்கிழமை சேம்பிள் வியாழக்கிழமைக்குச் செல்லாது. ரத்தம் ஏற்றியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் புதிய ஆன்டிபாடி எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம் என்பதால் மூன்று நாளுக்கு மேற்பட்ட சேம்பிளை வைத்து கிராஸ் மேட்ச் (பையில் உள்ள ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு சேருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்வதில்லை. பல வங்கிகள் எல்லோருக்குமே இந்த விதியை வைத்திருக்கின்றன. ஆபரேஷன் தள்ளிப்போனால் உடனே கேட்டுவிடுங்கள்.

4. ‘ரத்தம்’ என்று கேட்காதீர்கள், பொருளின் பெயரைச் சொல்லுங்கள்

ஒருவர் கொடுத்த ரத்தத்தை மூன்றாகப் பிரித்து வைப்பார்கள். சிவப்பணு, அதாவது பேக்டு செல்: 2 முதல் 6 டிகிரி குளிரில் 35 நாள், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 42 நாள் வரை. பிளேட்லெட்: அறைக் குளிரில் ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் 5 நாள். பிளாஸ்மா: உறைய வைத்து ஒரு வருடம். எலும்பு ஆபரேஷனுக்கு எங்களிடம் கேட்டது பேக்டு செல். டெங்கு வார்டில் கேட்பது பெரும்பாலும் பிளேட்லெட்.

ஓ நெகட்டிவ் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்பது சிவப்பணுவுக்கு மட்டும் உள்ள சலுகை. பிளாஸ்மாவில் விதி தலைகீழ். அங்கே ஏபி பிளாஸ்மாதான் எல்லோருக்கும் ஆகும். ஓ பிளாஸ்மாவில் ஏ-க்கும் பி-க்கும் எதிரான ஆன்டிபாடி இரண்டுமே மிதக்கிறதே!

5. உள்ளே என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் ஆகும்

எல்லாம் ஒழுங்காக இருந்தால், குரூப் பார்த்து கிராஸ் மேட்ச் முடிக்க ஒரு மணி நேரம் போதும். கூட்டம் இருந்தால் இரண்டு, மூன்று. இரவு ஷிப்டில் ஒரே ஒரு டெக்னீஷியன்தான் இருப்பார் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குரூப். நீல நிறத் துளி ஏ-வைத் தேடும், மஞ்சள் நிறத் துளி பி-யைத் தேடும், நிறமில்லாத துளி டி-யைத் தேடும். நோயாளியின் அணு எந்தத் துளியில் திரிகிறதோ அது அவருடைய குரூப். பிறகு நோயாளியின் சீரத்தை (ரத்தத்தில் அணுக்கள் போக மிஞ்சும் தெளிந்த நீர், ஆன்டிபாடி இருப்பது இதில்தான்) எடுத்து, குரூப் தெரிந்த ஏ அணு, பி அணுவோடு சேர்த்து மறுபடி சரிபார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இந்த இரண்டாவது சோதனையில் ஓ அணுவையும் சேர்த்துப் பார்த்தால்தான் ‘பாம்பே குரூப்’ பிடிபடும். அவர்களுக்கு அந்தச் சர்க்கரைச் சங்கிலியின் அடிக்கண்ணியான ஹெச் கூடக் கிடையாது. முதல் சோதனையில் ஓ மாதிரியே தெரிவார்கள், ஆனால் ஓ ரத்தமும் அவர்களுக்கு ஆகாது. இந்தியாவில் சுமாராகப் பத்தாயிரத்தில் ஒருவர் இப்படி. உங்கள் வீட்டில் யாருக்காவது இது என்று சொல்லியிருந்தால் தேதி குறிப்பதற்கு முன்பே ரத்த வங்கியிடம் பேசுங்கள், கடைசி நாளில் கிடைக்கவே கிடைக்காது.

அடுத்தது ஆன்டிபாடி ஸ்கிரீன், அதாவது நோயாளியின் சீரத்தில் வேறு ஆன்டிபாடி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது, அப்புறம் கிராஸ் மேட்ச். எங்கள் டெக்னீஷியன் அந்த அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். விசிட்டிங் கார்டை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் அட்டை. அதில் வரிசையாக ஆறு மெல்லிய குழாய்கள், உள்ளே கண்ணாடி மாதிரி ஜெல். மேலே கொடுப்பவரின் அணுவும் வாங்குபவரின் சீரமும் விட்டு 37 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து, பத்து நிமிடம் சுழற்றி எடுக்கிறார்கள். ஒட்டாத அணுக்கள் ஜெல் வழியே நழுவி அடியில் ஒரு சிவப்புப் பொட்டாக உட்காரும். ஆன்டிபாடி பிடித்துவிட்டால் அணுக்கள் கொத்தாகி ஜெல்லுக்குள் இறங்க முடியாமல் மேலேயே ஒரு சிவப்புக் கோடாக நிற்கும். எங்கள் அட்டையில் ஆறில் நாலு குழாய்களில் மேலே கோடு. ஆறும் ஓ பாசிட்டிவ் பைகள். மீதி இரண்டில் ஒன்று அடியில் பொட்டு, இன்னொன்று நடுவில் புகை மாதிரி. புகையும் ஆகாது.

6. பொருந்தவில்லை என்று சொன்னால்

பதறி அடுத்த ரத்த வங்கிக்கு ஓடாதீர்கள். நான் ஓடினேன். அங்கேயும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், அங்கேயும் சேரவில்லை, அரை நாளும் காசும் போனதுதான் மிச்சம். பிரச்சினை பையில் இல்லை, நோயாளியின் சீரத்தில் என்பதால் எங்கே போனாலும் அதே கதைதான்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: ‘எந்த ஆன்டிபாடி என்று கண்டுபிடிக்க இங்கே வசதி இருக்கிறதா?’ அதற்கு, எதில் எந்த ஆன்டிஜென் உண்டு என்று முன்பே தெரிந்த பதினோரு வகை அணுக்கள் போலக் கொண்ட ஒரு தொகுப்பு வைத்திருப்பார்கள். பேனல் என்று பெயர். எதெதில் திரிகிறது, எதில் திரியவில்லை என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு பெயர் மிஞ்சும். சிறிய வங்கிகளில் இது இருக்காது. அரசு மருத்துவக் கல்லூரி அல்லது பெரிய மருத்துவமனையின் ரத்த வங்கிக்கு சேம்பிள் அனுப்ப வேண்டியிருக்கும். சில மணி நேரத்திலிருந்து ஒரு முழு நாள் வரை ஆகலாம்.

பெயர் தெரிந்த பிறகு வேலை சுலபமாகிவிடுகிறது. அந்த ஆன்டிஜென் இல்லாத பைகளை மட்டும் தேடினால் போதும். சின்ன சி இல்லாத ஓ பாசிட்டிவ் என்று தெரிந்ததும் புதன்கிழமை மாலைக்குள் இன்னும் எட்டுப் பைகளைச் சோதித்து மூன்றைப் பிரித்து வைத்தார்கள். தேவை இரண்டு. ஒன்று கூடுதலாகவே இருந்தது.

நேரமே இல்லாத அவசரத்தில், உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், டாக்டர்கள் கிராஸ் மேட்ச் முடியுமுன் ஓ குரூப் பேக்டு செல் ஏற்றுவது உண்டு. அது அவர்கள் முடிவு. நீங்கள் வற்புறுத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம்.

7. டோனரை அழைத்துப் போகும் முன்

முதலில் ரத்த வங்கியிடம் கேளுங்கள்: டோனர் வேண்டுமா, எத்தனை பேர், எந்த குரூப்? இருப்பிலிருந்து கொடுத்துவிட்டு ஈடுக்கு யாராவது வந்தால் நல்லது என்பார்கள். ஈடு ரத்தம் எந்த குரூப் ஆனாலும் பரவாயில்லை. அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்பதுதான் கொள்கை. இருந்தாலும் முடிந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்தவர் அம்மாவுக்கு ஆகும். இருப்பு எங்கே உள்ளது என்று பார்க்க மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் இணையதளம் இருக்கிறது. அதில் பச்சையாகக் காட்டினாலும் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

டோனருக்கு வயது 18 முதல் 65 வரை (முதல் முறை கொடுப்பவர் என்றால் 60 வரை), எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. வெறும் வயிற்றோடு வரக் கூடாது, முந்தின இரவு குடித்திருக்கக் கூடாது, பச்சை குத்தி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். எங்களுக்காக வந்த பதினான்கு பேரில் நாலு பேர் இந்த வடிகட்டியிலேயே நின்றுவிட்டார்கள்.

இப்போது பொறிகள். டோனர் வந்துவிட்டார், பத்து நிமிடத்தில் பை கைக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எடுத்த ரத்தத்தை எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என்று சோதித்து, பிரித்து, அதன் பிறகுதான் வெளியே விடுவார்கள். குறைந்தது பல மணி நேரம்.

‘சொந்த ரத்தம்தான் பாதுகாப்பு, பிள்ளை ரத்தம் அம்மாவுக்குப் போகட்டும்’ என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நின்றார்கள். தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக இருந்தான். இதில் இரண்டு சிக்கல். நெருங்கிய உறவின் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை, மரபு ஒத்துப்போவதால், வாங்குபவரின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளேயே தங்கி அந்த உடம்பைத் தாக்க ஆரம்பித்தால் மிக ஆபத்து. அரிதுதான், ஆனாலும் அப்படிப்பட்ட பையைக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும். அந்த இயந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. இரண்டாவது, தம்பியின் ரத்தத்தில் சின்ன சி இருந்தது. அம்மாவுக்குத் தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் வந்தது பெரிய சி, அதனால் தம்பிக்குச் சின்ன சி அப்பா வழியில்தான் வந்திருக்க முடியும். ‘உங்க அம்மா உடம்பு இந்த ஆன்டிஜெனை முதல்ல பாத்ததே நீங்க வயித்துல இருந்தப்பவா இருக்கலாம், இல்ல அந்தப் பாட்டில்லயா இருக்கலாம்’ என்றார் டாக்டர். தம்பி மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

இதே காரணத்துக்காக, இன்னும் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்குக் கணவனின் ரத்தம் வேண்டாம். நெகட்டிவ் குரூப் கர்ப்பிணிகள், வயிற்றில் உள்ள பிள்ளை பாசிட்டிவாக இருக்கக்கூடும் என்றால், 28-வது வாரத்திலும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவம் ஆகி 72 மணி நேரத்துக்குள்ளும் போடும் ஆன்டி-டி ஊசியை மறக்கவே கூடாது.

மருத்துவமனை வாசலில் ‘டோனர் ஏற்பாடு பண்ணித் தரேன், இவ்வளவு ஆகும்’ என்று ஒருவர் வருவார். விலகிப் போங்கள். காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தடை.

8. செலவு

ரத்தத்துக்கு விலை கிடையாது. சோதித்து, பிரித்து, பாதுகாப்பதற்கான கட்டணம் மட்டும்தான் வாங்கலாம். 2022-இல் மாற்றியமைத்தபடி ஒரு யூனிட் பேக்டு செல்லுக்குத் தனியார் வங்கியில் உச்சவரம்பு 1,550 ரூபாய், அரசு வங்கியில் 1,100 ரூபாய். அரசு மருத்துவமனையில் படுத்திருப்பவர்களுக்கு ரத்தம் இலவசம். தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல் நோயாளிகளுக்கும் கட்டணம் கிடையாது, அட்டையைக் காட்டுங்கள்.

இதற்கு மேல் பில்லில் தனி வரிகள் வரும். நுண்ணிய வைரஸ் சோதனை, வெள்ளணு வடிகட்டி, ஆன்டிபாடி ஸ்கிரீன், அடையாளம் காணும் பேனல், கூடுதல் கிராஸ் மேட்ச். எங்களுக்கு இரண்டு யூனிட்டுக்கு 3,100 ரூபாய், மேற்படி வரிகளுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு 3,000. நான் அவசரப்பட்டு ஓடிய இன்னொரு வங்கியில் கொடுத்தது தனி. வரிசை வரிசையாகப் பிரித்து எழுதிய பில்லாகக் கேட்டு வாங்குங்கள். ‘இரத்தச் செலவு’ என்று மொத்தமாக எழுதிய சீட்டை இன்ஷூரன்ஸ்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரே டோனரிடமிருந்து இயந்திரம் வைத்துப் பிரித்தெடுக்கும் பிளேட்லெட் மட்டும் கணக்கே வேறு, பத்தாயிரத்தை ஒட்டி வரும். டாக்டர் அதைத்தான் எழுதியிருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள்.

9. பை கைக்கு வந்த பிறகு

தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் வாங்குங்கள். பையை வாங்கி வந்து வார்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைக்கிற கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். வெளியே எடுத்து அரை மணி நேரம் தாண்டினால் வங்கி திரும்ப வாங்காது. ஏற்ற ஆரம்பித்தால் நாலு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். கொண்டுவரும் பெட்டியில் ஐஸ் பையை நேராக ரத்தப் பையில் படும்படி வைக்காதீர்கள், உறைந்தால் அணுக்கள் உடைந்துவிடும். சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் முக்குவது அதைவிட மோசம்.

கவுண்டரிலேயே பையின் சீட்டைப் படியுங்கள்: நோயாளி பெயர், ஐபி எண், குரூப், பை எண், காலாவதி தேதி, கிராஸ் மேட்ச் ‘பொருந்தியது’ என்ற வரி. வார்டில் நர்ஸ்கள் இரண்டு பேர் சேர்ந்து மறுபடி படிப்பார்கள். படிக்காமல் மாட்டப் போனால் ‘சிஸ்டர், ஒரு தடவை பாத்துடலாமா’ என்று கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முதல் கால் மணி நேரம் நோயாளி பக்கத்தைவிட்டு நகராதீர்கள். குளிர் நடுக்கம், முதுகுவலி, நெஞ்சு இறுக்கம், ‘என்னமோ பண்ணுது’ என்ற பதற்றம், எதுவானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் கவனியுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருஞ்சிவப்பாவது, காரணமில்லாமல் காய்ச்சல் என்றால் ரத்தம் ஏற்றியதைச் சொல்லிக் காட்டுங்கள்.

10. ஆன்டிபாடி அட்டை

பலர் கேட்காமல் விடுவது இது. ஆன்டிபாடி கண்டுபிடித்திருந்தால் ரத்த வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். காரணம் இருக்கிறது. சில வருடம் போனால் அந்த ஆன்டிபாடி சோதனையில் தெரியாத அளவுக்கு மங்கிவிடலாம். கிட் வகைக்கு எதிரானவை இதில் பெயர்போனவை. அடுத்த முறை ஸ்கிரீனில் ஒன்றும் இல்லை என்று வரும், அந்த ஆன்டிஜென் உள்ள பை ஏறும், ஒரு வாரத்தில் உடம்பு பழசை ஞாபகப்படுத்திக்கொண்டு ஏற்றிய அணுக்களையெல்லாம் உடைக்கும். அதனால் சோதனை என்ன சொன்னாலும் ஆயுள் முழுக்க அந்த ஆன்டிஜென் இல்லாத ரத்தம்தான்.

தலசீமியா போல மாதாமாதம் ரத்தம் தேவைப்படும் குழந்தை என்றால், முதல் பை ஏறுவதற்கு முன்பே ஆர்ஹெச், கெல் இரண்டுக்காவது விரிவான வகைப்பாடு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் அடுத்தவர் அணுவும் கலந்திருக்கும், முடிவு குழம்பும்.

எங்களுக்கு அந்த வங்கியில் அச்சடித்த அட்டை கிடையாது. லெட்டர்பேடில் எழுதி சீல் வைத்துக் கொடுத்தார்கள்: பெயர், பிறந்த தேதி, குரூப் ஓ பாசிட்டிவ், ஆன்டி ஸ்மால் சி உள்ளது, சின்ன சி இல்லாத பேக்டு செல் மட்டும் தரவும், கண்டுபிடித்த தேதி, வங்கியின் தொலைபேசி. ஸ்டூடியோவில் 30 ரூபாய்க்குச் சின்னதாக்கி லேமினேட் செய்தேன். ஒன்று அம்மாவின் சுருக்குப் பையில், ஒன்று தம்பி பர்ஸில், படம் எங்கள் எல்லோர் போனிலும். ‘அவசரத் தகவல்’ என்று தனி ஆல்பம் போட்டு வையுங்கள். கல்யாண போட்டோக்களுக்கு நடுவே தேடினால் கிடைக்காது.